மானிப்பாயிலிருந்து அரை மரதன்

அரை மரதனின் தூரம் 21.0975 கிலோமீற்றர். மானிப்பாய்ச் சந்தியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஓடிப் போய், திரும்பி வந்து, இன்னொரு தரம் போய்ச் சேர்ந்தால் ஏறத்தாழ அவ்வளவு வரும். வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற, நாற்பதைத் தொட்ட ஒருவர் இதை ஓடலாமா? எப்படிப் பழக வேண்டும்? எங்கள் வெயிலுக்கும் வீதிக்கும் இது ஒத்துவருமா? காலை நடைக்கு வருகிறவர்களிடமிருந்து இந்தக் கேள்விகள் இப்போது அடிக்கடி வருகின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடலாம், தாராளமாக ஓடலாம். மனத்திடத்துக்கும் வேகத்துக்கும் எங்களிடம் பஞ்சமில்லை. மெதுவாக ஓடும் பழக்கம்தான் எங்களிடம் இல்லை.

ஏன் அரை மரதன், ஏன் முழு மரதன் இல்லை என்பதற்கு உடலே விடை வைத்திருக்கிறது. ஓடும்போது ஒரு கிலோமீற்றருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு அரை மரதன் முழுவதும் 1,400 கிலோகலோரிக்குள் அடங்கிவிடும். நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியவரின் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாச்சத்து 2,000 கிலோகலோரி அளவில் இருக்கும். முழு மரதனுக்கு 2,700க்கு மேல் தேவை. 30 கிலோமீற்றரைத் தாண்டியதும் பலருடைய கால்கள் நகர மறுப்பதற்கு இந்தப் பற்றாக்குறை ஒரு முக்கிய காரணம். அரை மரதனில் எரிபொருள் தீர்ந்துபோவதில்லை. அங்கே முடங்குகிறவர் பெரும்பாலும் தொடக்கத்து வேகத்தால் முடங்குகிறார், அல்லது வெப்பத்தால். இரண்டையும் பழக்கத்தால் வெல்லலாம், அதுவும் வேலையை விடாமல், வாரத்தில் நான்கு காலைகளில். இங்கிலாந்தின் வடகிழக்கில் 1981இல் தொடங்கிய கிரேட் நோர்த் ரன் போன்ற போட்டிகளில் சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் இந்தத் தூரத்துக்குத் திரண்டதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அரை மரதனுக்கென்று உலகச் சம்பியன் போட்டி 1992இல்தான் வந்தது, அதுவும் கிரேட் நோர்த் ரன் ஓடும் அதே நியூகாசில் வீதிகளில். இந்தத் தூரத்தை முதலில் வளர்த்தவர்கள் எங்களைப் போன்ற பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள்.

எங்கள் ஊர்களில் நெடுந்தூர ஓட்டம் என்றதும் நினைவுக்கு வருவது பாடசாலை மரதன். இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கும்போது அது வீதியில் நடக்கும். முன்னே ஒரு மோட்டார் சைக்கிள், பின்னே ஒரு ஓட்டோ, சந்திகளில் தண்ணீர் வாளியோடு பழைய மாணவர்கள். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடுவார்கள். தூரம் சில கிலோமீற்றர்தான். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் அதற்கு முன் அந்தத் தூரத்தை ஒரு தடவைகூட ஓடிப் பார்த்ததில்லை. வெடிச்சத்தம் கேட்டதும் முதல் நானூறு மீற்றரைப் பாய்ந்து கடப்பார்கள். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மைதானத்து வாசலைக் கண்டதும் மறுபடி பாய்வார்கள். எங்களில் பலருக்கு ஓட்டம் பற்றிய அறிவு இதோடு நின்றுவிட்டது. முப்பது வருடம் கழித்துச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வீதியில் இறங்கும்போதும் உடம்பு அந்தப் பழைய முறையையே தேடுகிறது. பாய்ந்து, மூச்சு வாங்கி, நின்று, மறுநாள் நொந்த காலோடு “இது எனக்குச் சரிவராது” என்று விட்டுவிடுகிறோம்.

இதை வெறும் சலிப்போடு கடந்துபோக முடியாது. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அந்தச் செய்தி வந்த நாட்களில், பிள்ளைகளை ஓட விடவே கூடாது என்ற பேச்சு எங்கும் எழுந்தது. பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆய்வுகள் காட்டும் படம் வேறு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மரதனும் அரை மரதனும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கிலெடுத்த ஆய்வில், இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர், இறந்தவர்கள் 42 பேர். அரை மரதனில் அந்த ஆபத்து முழு மரதனின் ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஓட்டத்தை ஆபத்தாக்குபவை பழக்கமின்மை, மறைந்திருக்கும் இதயக் கோளாறு, வெயில் ஏறிய பிறகு தொடங்குவது, விழுந்தவரை என்ன செய்வது என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாதிருப்பது ஆகியவை. பாடசாலை மரதனை நிறுத்தத் தேவையில்லை. அதற்கு முன் எட்டு வாரம் பிள்ளைகளை மெதுவாக ஓட வைத்தால் போதும்.

தாங்குதிறனும் மெய்வல்லுநர் விளையாட்டும் எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார், அவர் தொழிலால் சட்டத்தரணி. உயரம் பாய்தலில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் இலங்கைக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். கோலூன்றிப் பாய்தலில் வடக்குப் பிள்ளைகள் இன்றும் தேசிய மட்டத்தில் முன்னிற்கிறார்கள். நெடுந்தூர ஓட்டத்தில் தமிழர் என்று பார்த்தால் மலையகத்தைத்தான் சொல்ல வேண்டும், 5,000 மீற்றரிலும் 10,000 மீற்றரிலும் தேசிய மட்டத்தில் வென்ற குமார் சண்முகேஸ்வரன் அங்கிருந்து வந்தவர்.

குடாநாட்டில் வளர்ந்தவர்கள் வீதியில் ஓடாமல் போனதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். விடியுமுன் வீட்டைவிட்டு இறங்கி ஓடுகிற மனிதன், ஊரடங்கும் காவலரணும் இருந்த வருடங்களில், உயிரோடு விளையாடுகிறவன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மானிப்பாய்ச் சனம் மழையில், சைக்கிளில் மூட்டையும் கையில் குழந்தையுமாக, நாவற்குழிப் பாலத்தின் நெரிசலைத் தாண்டிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. அந்தத் தூரம் ஏறத்தாழ ஒரு அரை மரதன். அந்த இரவில் நடந்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். காரணமில்லாமல் ஒருவன் இருபது கிலோமீற்றர் ஓடுவதை அவர்கள் விசித்திரமாகப் பார்த்தால், அதில் பிழை சொல்ல என்னால் முடியாது. ஆனால் அதே வீதியில், விரும்பிய நேரத்தில், விரும்பிய வேகத்தில், யாருக்கும் பதில் சொல்லாமல் ஓடுவது எவ்வளவு பெரிய விடயம் என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் விளங்கும்.

இனிப் பழகும் முறை. இன்றைய பயிற்சி முறைகளில் பெரும்பகுதி நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டிடம் போய் முடியும். அவருடைய மாணவர் பீற்றர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் வென்றார், அதே நாளில் மறே ஹல்பேர்க் 5,000 மீற்றர் வென்றார். 800 மீற்றர் ஓடுபவரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வைத்தவர் லிடியார்ட். பிறகு இதய நோயிலிருந்து தேறிய நடுத்தர வயதினரையும் ஒக்லாந்தில் மெதுவாக ஓடப் பழக்கினார். நோர்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர், பெரும் வீரர்களின் பயிற்சியை அளந்து பார்த்து, அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இலகுவான ஓட்டம் என்று காட்டினார். இலகு என்பதற்குக் கருவி வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகப் பேச முடிந்தால் அது இலகு ஓட்டம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது.

இந்த மெதுவான ஓட்டத்தில்தான் தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிக்கும் திறன் வளர்கிறது, இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதி கூடுகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். குதிக்கால் நாணுக்கும் கணைக்கால் எலும்புக்கும் மாதக்கணக்கு வேண்டும். புதிதாகத் தொடங்கியவர் ஆறாவது, ஏழாவது வாரத்தில் நன்றாக ஓடுகிறோம் என்று நினைக்கும்போதே காயப்படுவதன் காரணம் இந்த இடைவெளி. உடலியலை எங்கள் மொழியில் முதலில் படித்த ஊர்களில் ஒன்று மானிப்பாய் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1848இல் இங்கே வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், உடற்கூற்றையும் உடலியலையும் தமிழில் நூலாக்கினார், பின்னாளில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அவர் பெயரில் வைத்தியசாலை இன்னும் நிற்கிற ஊரில், உடம்பைப் பழக்கும் முறையை ஒருவர் ஆங்கிலம் தெரிந்தால்தான் படிக்கலாம் என்ற நிலை இருக்கக்கூடாது.

எவ்வளவு கூட்டலாம் என்பதில் நீண்டகாலமாக ஒரு விதி உலாவுகிறது. வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்பது அது. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிய ஓட்டக்காரர்களிடம் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். விதியைப் பின்பற்றியவர்களும் பின்பற்றாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காயப்பட்டார்கள். 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025இல் வந்த இன்னொரு ஆய்வு, வாரக் கணக்கைவிட ஒரே நாளில் ஓடும் தூரத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்று காட்டியது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தை ஒரே தடவையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டியவர்களிடம் காயம் கூடியது. நண்பர் கூப்பிட்டார் என்று ஒரு ஞாயிறு எட்டிலிருந்து பதினைந்துக்குத் தாவுவதுதான் எங்கள் ஊரில் அதிகம் நடக்கும் பிழை.

ஐந்து கிலோமீற்றரை நடந்தும் ஓடியும் முடிக்கக்கூடிய ஒருவருக்கு 14 முதல் 16 வாரம் போதும். செவ்வாயும் சனியும் இலகுவாக ஐந்து, ஆறு கிலோமீற்றர். வியாழன் நடுவில் 15, 20 நிமிடம் சற்று வேகம். ஞாயிறு நீண்ட ஓட்டம், எட்டில் தொடங்கி மெல்ல மெல்லப் பதினெட்டு வரை. நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் குறைக்க வேண்டும். கடைசிப் பத்து நாளில் பாதியாக்க வேண்டும், அந்த நாட்களில் புதிதாக எதையும் கட்டியெழுப்ப முடியாது. இடையிடையே நடப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ஜெவ் கலோவே, சாதாரண மக்களுக்கு ஓடி நடக்கும் முறையையே வாழ்நாள் முழுவதும் கற்பித்தார். கிலோமீற்றருக்கு 7 நிமிடம் என்ற நிதானத்தில் ஓடினாலும் 2 மணி 28 நிமிடத்துக்குள் அரை மரதன் முடிந்துவிடும்.

இந்த அறிவெல்லாம் குளிர்நாடுகளில் விளைந்தது. இங்கே அதை அப்படியே இறக்கினால் அடிபடும். குடாநாட்டின் விடியற்காலை நாளிலேயே குளிர்ந்த நேரம், ஆனால் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். வியர்வை வழிகிறதே தவிர உலருவதில்லை, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பனி மூட்டம் கண்டு குளிர் என்று நம்பி வேகமாகப் புறப்பட்டவர் ஏழாவது கிலோமீற்றரில் நெஞ்சு படபடத்து நிற்பார். கைக்கடிகாரம் சொல்லும் வேகத்தை இங்கே நம்பக்கூடாது, மூச்சை நம்ப வேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். அந்த நாட்களில் குருதியின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்தி வரும், அதில் உப்புக் குறையும். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற உறவினர்கள், வந்த மறுநாளே தங்கள் ஊர் வேகத்தில் ஓடப் புறப்படுவதைக் காண்கிறேன். அவர்கள் முதல் இரண்டு வாரம் பாதி வேகத்தில் ஓடுவது நல்லது.

யாராவது வெப்பத்தால் தடுமாறி, பேச்சுக் குழறி விழுந்தால், முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வாகனத்தில் ஏற்ற வேண்டும். ஒரு பெரிய தொட்டி, கிணற்றுத் தண்ணீர், மீன் சந்தைக்கு வரும் ஐஸ் கட்டி இரண்டு. இவ்வளவும் எந்தப் பாடசாலை மரதனுக்கும் ஆயத்தமாக வைக்கக்கூடியவை.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஏற்றத்தில் ஓடிக் கால் வலுவாக்கும் பாடங்கள் எல்லாம் எங்களுக்கு வெறும் வாசிப்பு. ஆனால் வைகாசி முதல் சோழகம் அடிக்கிறது. சண்டிலிப்பாய், சங்கானை, மூளாய் கடந்து பொன்னாலைப் பாலத்தில் ஏறினால், காரைநகர் வரை இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை. இறால் வலைக்குக் கட்டிய தடிகள் காற்றில் அதிரும். தொப்பியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கும். உடம்பை முன்னே சாய்த்து, சின்ன அடியாக வைத்து, அந்தப் பாலத்தை ஒரு தரம் கடந்தவர் தொடைக்கும் இடுப்புக்கும் என்ன வேலை கிடைத்தது என்று மறுநாள் அறிவார். பண்ணைப் பாலமும் அப்படியே. போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் வருமாறு பாதையை வகுப்பது புத்தி. மாரியில் நிலைமை வேறு. வாடை குளிர்ச்சியைத் தரும், ஒழுங்கைகள் வெள்ளத்தில் போய்விடும், காப்பெற் வீதி மட்டுமே மிஞ்சும். ஆனாலும் போட்டிக்கு உகந்த காலம் தையும் மாசியும்தான். ஆகவே புரட்டாசி, ஐப்பசி மழையில் நனைந்து பழகத்தான் வேண்டும்.

வீதியின் ஓரம் சரிந்திருக்கும். வாகனத்தை எதிர்நோக்கி எப்போதும் வலப்பக்கமாகவே ஓடுவதால் ஒரு கால் தாழ, ஒரு கால் உயர, இடுப்பிலும் முழங்காலிலும் நோ வரும். வாரத்தில் ஒரு நாளாவது பாடசாலை மைதானத்திலோ, சுன்னாகம், உடுவில் பக்கத்துச் செம்மண் தோட்டப் பாதைகளிலோ ஓடினால் காலுக்கு மாற்றம் கிடைக்கும். நாய்கள் ஒழுங்கை முகப்பில்தான் துரத்தும். ஓடாமல் நின்று, முகத்தைப் பார்த்தபடி நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தால் பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சப்பாத்து விடயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். அபேபே பிக்கிலா 1960இல் ரோமில் வெறுங்காலில் ஓடி வென்றார். வெறுங்காலில் வளர்ந்தவர்கள் முன்பாதத்தில் மெதுவாக இறங்குகிறார்கள் என்று 2010இல் டானியல் லீபர்மன் காட்டினார். எங்கள் சூடேறிய தாருக்கு அது பொருந்தாது. காலுக்கு இதமான, நடுத்தர விலைச் சப்பாத்தே போதும்.

சாப்பாட்டில் நாங்கள் எதையும் இறக்குமதி செய்யத் தேவையில்லை. முந்தின இரவு புட்டோ இடியப்பமோ, புறப்பட ஒரு மணித்தியாலம் முன் ஒரு கதலி வாழைப்பழம், பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஒரு துண்டு பனங்கட்டி. வெளிநாட்டு ஜெல் பைக்கற்றில் இருக்கும் சீனிதான் அதிலும் இருக்கிறது. குடிப்பதில் கவனம் வேண்டும். 2002 பொஸ்டன் மரதனில் சோதித்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குக் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்தது முக்கிய காரணம். தாகத்துக்குக் குடித்தால் போதும். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரோடு உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரோ, பாமசியில் வாங்கும் ஜீவனியோ கலந்துகொள்ளலாம். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்கள் வைத்தியரிடம் மருந்தின் அளவைப் பேசிய பிறகே நீண்ட ஓட்டத்தில் இறங்க வேண்டும். ஆனால் அவர்களுக்குத்தான் இந்தப் பழக்கம் மற்ற எல்லாரையும்விட அதிகம் தேவை.

பெண்களைப் பற்றிப் பேசாத எந்த ஆய்வும் பாதிதான். எங்கள் பெண்பிள்ளைகள் சாதாரணதரம் வரை ஓடுகிறார்கள், பிறகு நின்றுவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன விடியல் ஒரு பெண்ணுக்கு வேறு விடியல். வெளிச்சமில்லாத வீதி, பின்னால் மெதுவாக வரும் மோட்டார் சைக்கிள், வீட்டில் அடுப்பு. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, எழுபது வயதைத் தாண்டிய நிலையில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது நாடே வியந்தது. அந்த வியப்பு எனக்கு வருத்தத்தையும் தந்தது. ஓட வழி விட்டிருந்தால் ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் அப்படி இருந்திருப்பார்கள். மூன்று, நான்கு பெண்கள் சேர்ந்து மைதானத்தில் மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவது நடைமுறைக்கு ஏற்ற வழி. மைதானத்தைத் திறந்துவிடுவது பாடசாலைகளின் கையில் இருக்கிறது. வீதி விளக்கு பிரதேச சபையின் வேலை.

போட்டி என்று வந்தால் பலர் கொழும்புக்குத்தான் போகிறார்கள். இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் மடங்கி இருந்துவிட்டு விடிய ஓடக்கூடாது. ஒரு நாள் முந்திப் போய்ப் படுக்க வேண்டும். சென்னையில் நிலைமை பொறாமைப்பட வைக்கிறது. 2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் அமைப்பு இன்று நகரத்தின் பல பகுதிகளில் காலைக் குழுக்களாக ஓடுகிறது. விபத்தில் கால் பாதிக்கப்பட்டவரும் தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்தவருமான மா. சுப்பிரமணியன், ஐம்பதைத் தாண்டி ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மரதன்களை முடித்திருக்கிறார். அமைச்சராக இருந்தவரே ஓடுகிற ஊரில் மற்றவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. என்னை அதிகம் தொட்டது ட்ரீம் ரன்னர்ஸ் அரை மரதன். அதில் திரளும் பணம் கால் இழந்தவர்களுக்கு ஓடும் செயற்கைக் கால் வாங்க உதவுகிறது. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால் பொருத்திவருகிறது. போர் எத்தனை கால்களை எடுத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். இப்படியொரு ஓட்டத்துக்கு எங்களைவிடப் பொருத்தமான ஊர் எது? 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்ததும் இதே நாடுதான்.

மானிப்பாயில் ஓர் அரை மரதன் நடத்த முடியும் என்று நம்புகிறேன். தையில், விடிய ஐந்து மணிக்கு, இந்துக் கல்லூரி மைதானத்திலிருந்து, சங்கானை, மூளாய்ப் பக்கம் போய்த் திரும்பும் பாதையில். முதல் வேலை பாதையை அளப்பது. கைபேசி அளவு போதாது. உலகம் முழுவதும் சான்றளிக்கப்பட்ட பாதைகளை அளப்பது சைக்கிளில்தான். முன்சில்லில் ஜோன்ஸ் எண்ணி என்ற சிறு கருவியைப் பூட்டி, நாடாவால் அளந்த ஒரு நேர்த்துண்டில் முதலில் ஓட்டிச் சரிபார்த்து, பிறகு ஓடுபவர் எடுக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் பாதை முழுவதையும் ஓட்ட வேண்டும். தூரம் குறைந்துவிடாமலிருக்க ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது அரை மரதனுக்கு 21 மீற்றர், கூட்டி வைப்பார்கள். சைக்கிளிலேயே வளர்ந்த ஊரில் இதைச் செய்ய ஆள் தேட வேண்டியதில்லை. அதன்பின் ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர் மேசை, ஐஸ் தொட்டி, இதயத்தைத் தூண்டும் கருவியோடு ஒரு அம்புலன்ஸ், பஸ் கடக்கும் சந்திகளில் பொலிஸார். முடிவுக்கோட்டை மூன்றரை மணித்தியாலம் திறந்து வைக்க வேண்டும், நடந்து வருகிறவர்களுக்கும் பதக்கம் கிடைப்பதற்காக.